கிருபாராணியின் சால்வையில் கோணிப்போன இலை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எழுதுகிறவர் போடிநாயக்கனூர்க்காரர், பெயர் விஜயராஜ். ‘நான்’ என்று எழுதத் துணிச்சல் போதாததால் தன்னையே மூன்றாம் ஆளாக்கிக்கொண்டிருக்கிறார். தப்பு ஏதாவது நடந்திருந்தால் அது அந்த ஆளோடு போகட்டும் என்று கணக்கு.

முதல் தொடக்கம்: ‘மலையில் பனி இறங்கிய மாலையில், கணவனை இழந்த கிருபாராணி தன் துயரத்தையெல்லாம் நூலாக்கிச் சால்வை பின்ன…’

(அடித்தாயிற்று. கிருபாராணி அவருடைய மனைவி. கணவன் சாகவில்லை, பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருக்கிறார். சால்வை என்றால் சோகம் வேண்டுமே என்று தன்னையே கொன்றுவிட்டார்.)

அந்தத் தாள் அவள் கண்ணில் பட்டது.

“செத்ததெல்லாம் இருக்கட்டும். வெரசாப் போய்ப் பால் வாங்கியாங்க.”

2

உண்மையான கிருபாராணிக்கு ஐம்பத்தொரு வயது. பகலில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறாள். மாலையில் போனைப் பார்த்து உல்லன் பின்னுகிறாள். போடி வெயிலுக்கு உல்லனா என்று தெருவே சிரித்தது. அவள் பின்னியதெல்லாம் மலை மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கும் தங்கை ரெபேக்காளுக்கு. முதலில் விரல் இல்லாத கையுறை போயிற்று.

“என்னக்கா, வெரலையே காணோம்? நூலு பத்தலையா?”

“காயத் தொட்டுப் பறிக்க வெரலு வேணும்டி. குளிருக்கு உள்ளங்கை மூடுனாப் போதும்.”

அடுத்தது சால்வை. கண்ணி விட்டுக் கண்ணி துளை வைத்து, பதினாறு வரிக்கு ஓர் இலை வடிவம். ஒரு வரி முடிந்தால் கிண்ணத்தில் ஓர் ஏலக்காய் போடுவாள். எண்ணுவதற்குப் போனில் வசதி உண்டு. ஆனால் நாள் முழுக்கக் காய் பார்த்த கைக்குக் காய்தான் நம்பிக்கை.

3

போன வாரம் ஓர் இலை கோணிக்கொண்டது. பிரித்துப் பின்னினாள். மறுபடியும் கோணல். கிண்ணத்துக் காயை எண்ணி எண்ணிப் பார்த்தாள். காய் பதினாறுதான், இலையோ அதற்கு மேல் நீண்டிருந்தது.

“ஒவ்வொரு வரிக்கும் போட்டேன்னுதாங்க நெனைக்கிறேன். எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சது.”

அவள் அம்மா கடைசி நான்கு வருடம் பெற்ற மகளையே யார் என்று கேட்டவர். கிருபாராணி ஊசியையும் சால்வையையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். திங்கட்கிழமை மதுரையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி வைத்தாள்.

விஜயராஜ் உடனே செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் செய்யாமல் கதை எழுத உட்கார்ந்தார். காய் குறைந்ததற்கு ஒரு காரணம் தேடினார். எலி? எலி ஏலக்காய் தின்னுமா என்று அரை மணி நேரம் யோசித்தார். யானை? தேவாரம் ஊர்ப் பக்கம் மலையிலிருந்து யானை இறங்குவதுண்டு. அது போடி வரைக்கும் நடந்து, மாடிப்படி ஏறி, கிண்ணத்தில் தும்பிக்கையை…

(இந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கே கூச்சமாக இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: டாக்டர் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்கிறார். எல்லாரும் அல்வா வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

விஜயராஜுக்கு மிகவும் பிடித்த முடிவு இது. இதை எழுதிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். கிருபாராணி ஒரு நோட்டில் பிள்ளைகளின் பிறந்தநாள்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்ன சோலி இது?”

“மறக்குறதுக்கு முந்தி எழுதி வச்சிடலாம்னு.”

முடிவு இரண்டை எழுத அவருக்குக் கை வரவில்லை.

5

கிண்ணத்தில் கை வைத்தது விஜயராஜ் இல்லை. நான்.

நல்ல உவமை ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். டீ குடித்தால் வரும் என்று தோன்றியது. கைக்கு எட்டிய கிண்ணத்திலிருந்து காய் எடுத்துத் தட்டிப் போட்டேன். அவள் பிரித்துப் பின்னிய அன்றும் அதையே செய்தேன். டீ நன்றாக இருந்தது, உவமை வரவில்லை. திட்டுக்குப் பயந்து ஒரு வாரம் அவளை நடுங்க விட்டிருக்கிறேன். கதை எழுதுகிற மனுஷன் செய்கிற காரியமா இது? வெட்கமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். அடுப்படி வாசலில் நின்றபடியே படித்தாள். யானை வந்த இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. கடைசித் தாளை வெகுநேரம் பிடித்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சால்வையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, கோணலான இலையை மடியில் விரித்தாள்.

“கடைசியா எத்தனை காய் எடுத்தீங்க? அத்தனை வரி பிரிச்சாப் போதும்.”

மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். நான்கோ? ஐந்தாகக்கூட இருக்கலாம். சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊசியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். வாசகரே, சீக்கிரம் ஓர் எண் சொல்லுங்கள்.