நுரைக்கிற மருந்து

1

இந்தக் கதை அரவேணு என்ற மலையூரில் ஒரு மருந்துக் கடையில் கிடைத்தது. தேயிலை விலை விழுந்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். எனக்கு முன்னால் நின்ற பெண், "டெட்டால் வேண்டாங்க, நுரைக்கிற மருந்துதான் வேணும். பெரிய பாட்டிலாக் குடுங்க" என்றாள்.

"புண்ணைக் கழுவறதுக்கா, ஊட்டுத் தரையைக் கழுவறதுக்காம்மா?" என்றார் கடைக்காரர், ஹைட்ரஜன் பெராக்ஸைடு பாட்டிலை எடுத்தபடி. அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு வனிதா என்று பெயர் வைத்தேன்.

2

பனி இறங்கிய மாலையில் வனிதா கணவனின் கையை மடியில் ஏந்தி, காயத்தின் மீது மெல்ல ஊதி...

(அடித்துவிட்டேன். ஊதினால் வாயிலிருக்கும் கிருமி காயத்துக்குப் போகுமாம். நான் எழுதிய காதல் காட்சிகளில் பாதி இதோடு போயிற்று.)

மறுபடியும். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது ஆறுக்குட்டியின் இடது உள்ளங்கையில் கத்தி பட்டது. ஆழமில்லை. எஸ்டேட் நர்ஸ் ஜெஸிந்தா கட்டுப் போட்டு அனுப்பினார். "நல்ல தண்ணியில கழுவு வனிதா. சோப்பைப் புண்ணைச் சுத்தி மட்டும் போடு, உள்ள படாம. அப்பறம் இந்த அயோடினை லேசாத் தடவு. நுரைக்கிறதைத் தெனமும் ஊத்தீராத, புதுச் சதையவும் தின்னுபோடும்."

"கை ஆறட்டும் புள்ள, திருப்பூர் போயிடறேன்" என்றான் ஆறுக்குட்டி. "பனியன் கம்பெனியில சொல்லி வெச்சிருக்குது."

"ஆறட்டுமுங்க" என்றாள் வனிதா. மறுநாள் கடைக்குப் போனாள்.

3

ஊற்றினாள். புண் வெள்ளையாகப் பொங்கிச் சீறியது. நேற்று ஓரத்தில் துளிர்த்திருந்த இளஞ்சிவப்புச் சதை நுரையோடு போனது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. இன்றைக்கும் இவர் வீட்டில்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. என் கதைகளின் மனைவிமார் இப்படிச் செய்வதில்லை. கதையிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டு அவள் அலமாரியில் அயோடினை வைத்தேன். 'புண் ஆறியது' என்று எழுதி எழுந்தேன்.

காலையில் அந்த வரி அப்படியே இருந்தது. அதற்கடியில், நான் எழுதாத ஒரு வரியில், நுரை சீறிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை ஆறுக்குட்டி கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே அவன் உள்ளங்கையில் பழுப்புக் கறை இருந்தது.

"ஏனுங்க, இந்தக் கறை எப்பிடி? நான் அயோடினே போடலீங்களே?"

"யாரோ ஆத்தப் பாக்கறாங்க புள்ள."

வனிதா நிமிர்ந்தாள். அறையில் வேறு யாருமில்லை. ஆனாலும் என் பக்கமாகவே பார்த்துக் கேட்டாள்: "ஆத்திப்போட்டு இவரைப் பஸ் ஏத்தறதும் நீங்கதானுங்களா?"

4

ஒரு முடிவில் கை ஆறுகிறது, பஸ் போகிறது. இன்னொன்றில் அவன் போவதேயில்லை, ஏனென்றால் புண்ணின் சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி

இதை என்னால் எழுத முடியவில்லை.

அலமாரியில் ஆறவைத்த வெந்நீரும் அயோடினும் ஒரு பக்கம். பெரிய பாட்டில் மறு பக்கம். ஆறுக்குட்டி தானாகவே கையை நீட்டிவிட்டான். "எனக்குத் தெரியும் புள்ள" என்கிறான். "நீயே எடு."

அவள் எடுக்கவில்லை. என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். நான் பேனாவை மூடி வெகுநேரமாகிறது. இதைப் படிக்கிற உங்கள் பக்கம்தான் இப்போது திரும்பியிருக்கிறாள்.

"ஏனுங்க, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?"

எதை என்று அவள் சொல்லவில்லை.