பஞ்சுவின் முகம்

தலையைக் கழுவிவிட நீண்ட கையைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். "இவ வேண்டாம். அந்தக் கூட்டத்து ஆளுங்க கை என் மேல படக் கூடாது."

அந்த அழகு நிலையத்தில் கை நீட்டியவளுக்குப் பஞ்சு என்று பெயர். அவ்வளவு மெத்தென்ற கை என்று வாடிக்கையாளர்களே வைத்தது. அவளுடைய கூட்டத்தாரை ஊர் எட்டத்தில்தான் வைத்திருந்தது. அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி சுவரோரம் ஒதுங்கினாள். கடையை நடத்துபவள் வாயெல்லாம் பல்லாக, "நானே பண்றேன்க்கா" என்று ஷாம்பூவை எடுத்தாள்.

அவளுடைய நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. கல்லூரி விட்டதும் கடைக்கு ஒத்தாசைக்கு வருபவள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பட்டம். சட்டமெல்லாம் படிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் வழக்காடுவாள், அவ்வளவுதான். பேருந்தில் நடத்துனர் யாரையாவது மரியாதையில்லாமல் பேசினால்கூட இறங்கும்வரை விடமாட்டாள். மனித உரிமை என்று ஆரம்பித்தால் அண்ணன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான்.

வக்கீல் செல்போனைத் தூக்கினாள். "இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணும் சளைத்தவளில்லை. கூடவே நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். வக்கீல் பிடிபிடியென்று பிடித்தாள். எல்லாம் பதிவானது, பின்னால் நின்ற பஞ்சுவின் முகம் உட்பட.

வக்கீல் இணையத்தில் போட்ட அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள்கூட வக்கீலைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். சாப்பிடக்கூடத் தோன்றாமல் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஞ்சு வேலைக்கு வரவில்லை.

"வீட்டுக்காரம்மா வீடியோவைப் பாத்துட்டாங்களாம்," என்றாள் அண்ணி. "இன்ன கூட்டத்து ஆளுன்னு சொல்லாமத்தான் அந்த ரூம்ல குடியிருந்திருக்கா. இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"தப்புப் பண்ணினது அந்தப் பொம்பளைதானே அண்ணி?"

"ஆமா. அவ வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கியிருப்பா."

வக்கீல் அந்த அறைக்குப் போனபோது பஞ்சு கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தாள்.

"அதை அழிச்சிட்டேன்," என்றாள் வக்கீல்.

"என் போனுக்கே நாலு பேர் அனுப்பியிருக்காங்க."

"உங்களுக்காகத்தான் பேசினேன்."

"தெரியும்." பஞ்சு ஒரு சேலையை மடித்து முடித்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவேன்னுதான் கேக்கலையா?"

கடையில் போனைத் தூக்கியபோது பஞ்சு வேண்டாமென்று லேசாகத் தலையசைத்ததை வக்கீல் பார்த்திருந்தாள். பாவம், பயப்படுகிறாள், தன் உரிமை என்னவென்று தெரியாதவள் என்று அப்போது நினைத்தாள்.

"கீழ போய் வீட்டுக்காரம்மாகிட்ட நான் நியாயம் கேக்கட்டுமா?"

"வேண்டாம். பாத்திரத்தை எடுத்து வை."

எடுத்து வைத்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். "நம்ம மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு?"

அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தான். "அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சியா?" என்றான். "நீ பேசுறது எல்லாம் சரிம்மா. ஆனா வீடுன்னு ஒண்ணு இருக்கு இல்ல." போனை வைத்துவிட்டான்.

மாடி ரூமைப் பற்றிக் கேட்டது பஞ்சுவின் காதில் விழுந்திருந்தது; அண்ணன் சொன்னதை மட்டும் வக்கீல் அவளிடம் சொல்லவில்லை.

இரும்புக் கட்டிலின் மேல் மூட்டைகளை வைத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். வக்கீல் முன்னால், பஞ்சு பின்னால். மருந்துக் கடை வாசலில் நின்றவன் செல்போனை உயர்த்தினான். வக்கீல் அதட்ட வாயெடுத்தாள். ஆனாலும் முதலில் பஞ்சுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேராப் பாத்து நட," என்றாள் பஞ்சு.

தெரு இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் போனால் வக்கீலின் வீடு. வலப்பக்கம் பேருந்து நிலையம். அவள் நின்றாள். இரும்பு விளிம்பு இரண்டு உள்ளங்கைகளையும் அறுத்தது.

"எந்தப் பக்கம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, கட்டில் மெல்ல அவள் முதுகில் முட்டியது.