நல்ல நிலையில் உள்ள அக்கார்டியன்

அந்த விளம்பரத்தில் தானியேல் முதலில் அடையாளம் கண்டது தன்னுடைய பனியனைத்தான். செல்போன் திரையில் அக்கார்டியன் நடுநாயகமாக வீற்றிருந்தது. பின்னால், பச்சைச் சுவரில், ஆணியில் தொங்கிய பனியனின் அக்குள் ஓட்டை வரை தெளிவாகத் தெரிந்தது. நண்பன் சம்பத்தின் போன் நல்ல போன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "ரிப்பேர் பண்றவனுக்கு அனுப்பணும்டா, நாலு பக்கமும் எடுத்துக்கறேன்" என்று சொல்லி எடுத்த படங்கள். தானியேலே பெட்டியைத் துடைத்து, வெளிச்சம் விழும்படி திருப்பித் திருப்பி வைத்துக் கொடுத்திருந்தான். படத்துக்குக் கீழே, 'ஜெர்மன் அக்கார்டியன், நல்ல நிலையில், உடனடி விற்பனைக்கு' என்று இருந்தது. பனியனைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

"அண்ணே, இது உங்க பொட்டி தானே?" என்றான் அஃப்ரோஸ், வாயில் சோற்றோடு. ஆம்பூரில் அவர்கள் வேலை செய்யும், தோல் பதனிடும் ஷாப்பின் சாப்பாட்டுக் கூடம். பேக்கிங்கில் இருக்கும் அஃப்ரோஸ், பெண்டாட்டிக்காகப் போனில் பழைய தையல் மிஷின் தேடப்போன இடத்தில் இது அகப்பட்டிருந்தது.

உங்க பொட்டி என்பது பாதிதான் சரி. தானியேலும் சம்பத்தும் மீசை முளைத்த புதிதில், கோலார் தங்கவயலைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. சம்பத் பாடுவான், தானியேல் வாசிப்பான். கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் கேரல், தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்சி மேடை என்று ஒன்றும் பாக்கியில்லை. வயதான பெட்டி, துருத்தியின் மடிப்பெல்லாம் கிழிந்து மேடையிலேயே மூச்சிளைக்க ஆரம்பித்தபோது, வித்துடலாமா சரி பண்ணலாமா என்று பேச்சு வந்தது. விற்றுவிடுங்கள் என்றாள் தானியேலின் மனைவி ஹெலன். "உன் இஷ்டம்டா" என்றான் சம்பத். தானியேலின் இஷ்டம் என்னவென்று ஊருக்கே தெரியும். மெல்லிய ஆட்டுத்தோலை இன்னும் மெல்லியதாகச் சீவி, மூலை மூலையாக ஒட்டி, துருத்தியை முடித்துவிட்டான். உள்ளே காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் எஃகு நாக்குகளை யாரிடமாவது காட்டிவிட்டால் போதும், டிசம்பருக்குப் பெட்டி தயார்.

"அந்த நம்பருக்குப் போடு" என்றான் தானியேல்.

"நானா?"

"என் கொரல் அவனுக்குத் தெரியும். நீ வாங்கறவன். ஸ்பீக்கர்ல போடு."

அஃப்ரோஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது திருப்பத்தூரில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருப்பவனாக மாறியிருந்தான். உட்காரும் தோரணையே வேறு.

"பொட்டி எப்டி சார் இருக்கு?"

"பொட்டி தங்கம் சார்" என்றது சம்பத்தின் குரல். "துருத்திக்கு ஃபுல்லா புது லெதர். ஒருத்தன் குந்திக்கினு எவ்ளோ பொறுமையா ஒட்டிக்கீறான்னு நேர்ல பாருங்க. கம்பெனிக்காரன்கூட இந்த மாதிரி பண்ண மாட்டான்."

தானியேலுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அப்படி இருந்ததற்காக மறுகணம் அவமானமாக இருந்தது.

"அவ்ளோ நல்ல பொட்டிய இன்னாத்துக்கு சார் விக்கறீங்க?"

முகம் தெரியாதவனிடம் மனசைத் திறப்பதில் உள்ள சுகத்தைச் சம்பத்தும் கண்டுகொண்டான்போல.

"அது ஒரு பேஜாரு சார். வாசிக்கறவன் என் தோஸ்த்து. தோல் ஷாப்ல, தோல சீவற ஷேவிங் மிஷின் சத்தத்துல இருந்து இருந்து அவனுக்குக் காது போய்ட்டுது. சுதி ஒரு பக்கம் நிக்குது, அவன் ஒரு பக்கம் நிக்கறான். அவனுக்கே தெரியல. பொட்டி ரிப்பேர்ல கெடக்கற வரிக்கும் பிரச்சன இல்ல. ரெடியாய்ட்டா மேடை ஏறிடுவான். அதுக்குள்ள தள்ளி வுட்ரலாம்னு."

"அப்ப ப்ரோக்ராமுக்கு?" அஃப்ரோஸுக்குச் சொந்த ஆர்வம் வந்துவிட்டது.

"கீபோர்டு பையன் ஒருத்தன வச்சிக்கினோம். போன மாசம் குடியாத்தத்துல ஒரு ரிசப்ஷன். ஜம்முனு போச்சு."

குடியாத்தத்து ரிசப்ஷன் நின்றுபோனதாகத்தான் சம்பத் சொல்லியிருந்தான். அதற்கு முந்தையதும் நின்றுபோனது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்படிக் கல்யாணங்கள் மேடைவரை வந்து நின்றுபோகின்றனவே என்று கலங்கி, குடியாத்தத்துப் பெண்ணின் எதிர்காலத்துக்காக ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று விசேஷ ஜெபம் கேட்டவன் தானியேல். சபையே கண்மூடி ஜெபித்தது. அந்தப் பெண் அந்நேரம் மாமியார் வீட்டில் மறுசோறு கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அவன் அஃப்ரோஸைப் பார்த்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டிருந்த அஃப்ரோஸின் முகத்தில் சங்கடம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

"உனக்கும் தெரியுமா?"

"அண்ணே... நான் எப்பவும் உங்க லெப்ட் சைடுல தானே குந்தறேன்."

ஆமாம். ஹெலனும் பைக்கில் போகும்போது இடது தோளில்தான் முகத்தை வைத்துப் பேசுவாள். அதைப் பிரியம் என்று நினைத்திருந்தான். கோவிலில் பாடகர் குழுவில் அவனை வலது ஓரத்துக்கு மாற்றி, மற்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தான். ஒரு கூட்டம்கூடப் போடாமல் தீர்மானம் நிறைவேற்றி, ஊரே அவனுடைய இடது பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.

"நாளைக்கு எடுத்துக்கினு வரச் சொல்லு" என்று சைகை காட்டினான். பெட்டி இருப்பது தானியேல் வீட்டில். என்ன பொய்யோடு வருகிறான் பார்ப்போம்.

சம்பத் அன்று சாயங்காலமே வந்துவிட்டான். "மெக்கானிக் கெடச்சிட்டான்டா, திருப்பத்தூர்ல. நாளைக்கே கொண்டாரச் சொல்றான்." ஹெலன் டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். சம்பத் அவனுக்கு இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கேட்பதற்காக வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த கேள்விகளைத் தானியேல் தேடினான். சம்பத் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துக்கினு போ" என்றான் தானியேல். "அதுக்கு முன்னாடி எந்தெந்தக் கட்டை சரியில்லன்னு குறிச்சிக் குடுத்துடறேன். அவன் தேடிக்கினு இருக்கக் கூடாது."

தோலில் பழுதான இடத்தைக் குறிக்கும் வெள்ளி மைப் பேனா ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதை விரலிடுக்கில் பிடித்தபடி, வாரைத் தோளில் மாட்டி முதல் கட்டையை அழுத்தினான். காதைக் கொடுக்கவில்லை. சம்பத்தின் முகத்தைப் பார்த்தான்.

ஒன்றுமில்லை. அடுத்தது. சம்பத்தின் இடது கண் லேசாகச் சுருங்கி விரிந்தது.

"எப்டி கீது?"

"சூப்பர்டா."

தானியேல் அந்தக் கட்டையின்மேல் ஒரு வெள்ளிப் புள்ளி வைத்தான். அடுத்ததற்கு உதட்டோரம் இழுத்தது. புள்ளி. அதற்கடுத்ததற்கு டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. புள்ளி. தனக்கு எல்லாமே ஒன்றுபோல, நன்றாகவே கேட்டதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. கட்டைகள், பழுதென்று ஒதுக்கிய தோல்போலப் புள்ளி புள்ளியாக ஆகிக்கொண்டிருந்தன. சம்பத் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தை மரக்கட்டையாக்கிப் பார்த்தான். நாக்கை அடக்கத் தெரிந்தவனுக்குப் புருவத்தை அடக்கத் தெரியவில்லை.

"இன்னாடா பாக்கற?" சம்பத்தின் குரல் இறங்கியிருந்தது.

"கட்டைய பாக்கறேன்."

"என் மூஞ்சிய பாக்கற நீ."

தானியேல் அடுத்த கட்டையை அழுத்தினான். சம்பத்தின் நெற்றி விரிந்தது. தாடை தளர்ந்தது. பல்லவிக்கு முன்னால் மேடையில் நிற்பதுபோலக் கண் தானாக மூடியது. தானியேல் விரலை எடுக்கவில்லை. துருத்தியை இழுத்துக்கொண்டே போனான். புது மூலைகள் ஒன்றிலும் காற்று கசியவில்லை. இடது கை முழுதாக நீண்டு, இனி விரிய அதிகம் இடமில்லாதபோதும் சம்பத் கண்ணைத் திறக்கவில்லை. அவன் இமைக்கடியில் ஈரம் கோத்துக்கொண்டு வருவதைப் பார்த்தபடி, தானியேல் இன்னும் கொஞ்சம் இழுத்தான்.