வளவாளர்கள் வந்த நாள்

கல்முனைக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் பிரதேச சபைக்கு அன்று ஒருநாள் செயலமர்வில் விரிவுரை செய்யக் கொழும்பிலிருந்து மூன்று வளவாளர்கள் வந்தார்கள். உள்ளூராட்சிக்கு ஒருவர், சம வேலைவாய்ப்புக்கு ஒருவர், நிலைபேறான அபிவிருத்திக்கு ஒருவர். மூவரும் கலாநிதிகள். மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்பதால், சபை நூலகத்தில் அமைய ஊழியராக இருந்த என்னை மொழிபெயர்க்கப் போட்டார்கள். செயலாளர் மசூர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "றுமைஸா, கேள்வி ஏதும் வந்தாப் பாத்துக் கதைங்க," என்றார். ஓம் என்றேன். நிரந்தர நியமனத்துக்கு ஐந்து வருடமாகக் காத்திருப்பவள் வேறென்ன சொல்வாள்.

அழைக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வெறுங்கதிரைகள் படத்தில் விழுந்துவிடுமே என்று, சந்தையும் கடற்கரை வீதியும் கூட்டும் பெண்கள் பதினொரு பேரை உள்ளே வந்து உட்காரச் சொன்னார் மசூர். அவர்களில் மூத்தவர் தங்கரத்தினம் அக்கா. பதினான்கு வருடமாக நாள் சம்பளத்தில் சந்தையைக் கூட்டுகிறவர்.

உள்ளூராட்சிக் கலாநிதி, சபை என்பது மக்களின் வீடு என்றார். அந்த வீட்டில் பெண் தொழிலாளிகளுக்கு ஒரு கழிப்பறை இல்லை. அவருக்கு அது தெரியாது, யாரிடமும் கேட்கவுமில்லை. அபிவிருத்திக்காரர் குப்பையை ஏழு வகையாகப் பிரிக்கும் விதத்தைப் படம் போட்டுக் காட்டினார். தினமும் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் அவருக்கு முன்னால்தான் இருந்தார்கள். அவர் அவர்களுடைய தலைக்கு மேலால் சுவரைப் பார்த்துப் பேசினார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ஒன்றுமில்லாத பேச்சை மொழிபெயர்ப்பது சுலபம்.

சம வேலைவாய்ப்புக்காரரின் பெயர் ஜுனைட். பக்கத்து ஊரான மருதமுனையில் பிறந்து வளர்ந்து, இருபது வயதுக்குப் பிறகு கொழும்புக்குப் போனவர். தனக்கு இப்போது தமிழ் சரியாக வராது என்று மசூரிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பகல் சாப்பாட்டைப் பரிமாறியதும் அந்தப் பெண்கள்தான். ஜுனைட் தங்கரத்தினம் அக்காவிடம் தட்டை நீட்டி, "மீன் ஆணம் இன்னம் கொஞ்சம் ஊத்துங்க. தலத்துண்டு இரிந்தாப் போடுங்க," என்றார். அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. அக்கா சட்டிக்குள் துழாவித் தலைத்துண்டை எடுத்துப் போட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜுனைட்டின் முறை. பெண்கள் வாய் திறந்து கேட்க வேண்டும், கேட்காத உரிமை வராது என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் தங்கரத்தினம் அக்கா எழும்பினார்.

நிதானமாகவே கேட்டார். தன்னோடு ஒரே கிழமையில் வேலைக்கு வந்த ஆண்கள் ஆறு பேருக்கும் நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. பெண்களில் ஒருத்திக்கும் இல்லை. அதே வீதி, அதே வண்டில், அதே குப்பை. போத்தல் ஓடு காலில் வெட்டித் தான் ஒரு மாதம் படுத்தபோது ஒரு நாள் சம்பளமும் இல்லை. இது ஏன் என்று ஐயா சொல்ல வேண்டும்.

பின்வரிசையிலிருந்த மசூர் என்னைப் பார்த்து, அடக்கிச் சொல் என்பதுபோலக் கையைத் தாழ்த்திக் காட்டினார். பெண்களின் வேலைவாய்ப்பை எப்படி மேம்படுத்தலாம் என்று இவர் கேட்கிறார் என நான் ஜுனைட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அக்கா பேசும்போதே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனாலும் என் பொய்யைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டு, மிக நல்ல கேள்வி என்று தொடங்கி, சுயதொழில், மனப்பாங்கு மாற்றம் என்று பத்து நிமிடம் பேசினார். அவர்மேல் எனக்கு வந்த அருவருப்பு அந்தப் பத்து நிமிடத்துக்குள் என்மேலும் வந்துவிட்டது.

அக்கா உட்காரவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"புள்ள, நான் கேட்டது நீளம். நீங்க சொன்னது கட்டையாக் கிடக்கு. என்னத்த விட்டீங்க?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. மைக்கை எடுத்து, ஆறு ஆண்களையும் பதினொரு பெண்களையும் வெட்டுப்பட்ட காலையும் ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு தமிழில், "சேர், நீங்க இவங்களுக்குத் தமிழ்லயே மறுமொழி சொல்லலாம்," என்றேன்.

ஜுனைட் தண்ணீர் குடித்தார். இது நிர்வாக விடயம், அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டச் சொன்னார் மசூர். இன்று தாங்கள் செயலமர்வுக்கு வந்தவர்கள், வரவுப் பதிவில் கையெழுத்தும் வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தார். மற்றப் பத்துப் பேரும் பின்னால் போனார்கள்.

மறுநாளே என்னை நூலகத்திலிருந்து பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். மசூர் யோசிக்காமல் செய்த வேலை அது. ஆண்களுக்குக் கொடுத்த நியமனக் கடிதங்களின் பிரதிகள் அங்கேதான் இருந்தன. அவற்றின் திகதிகளை வைத்துப் பதினொரு பெண்களின் பெயரிலும் ஒரு முறைப்பாடு எழுதினேன். தங்கரத்தினம் அக்கா முதல் கையெழுத்து வைத்தார். மேலிடத்துக்கு அனுப்பினோம். விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் எல்லாரும் போனோம்.

எட்டு மாதத்தில் ஒன்பது பேருக்கு நியமனம் வந்தது. அது செயலமர்வின் பெறுபேறு என்று வளவாளர்களின் அறிக்கை சொன்னது. மூன்று கலாநிதிகளின் படமும் அதில் இருந்தது. மசூர் ஒரு விழா எடுத்து, அக்காவை நன்றியுரை சொல்லக் கேட்டார். அக்கா மாட்டேன் என்றுவிட்டுத் தன் நியமனக் கடிதத்தோடு நேரே கோப்பு அறைக்கு வந்தார்.

"மத்த ரெண்டு பேருக்கும் வயசு போயிட்டெண்டு எழுதியிருக்காங்க. வயசு போனது ஆராலயாம்? அதையும் கேட்டு எழுதுங்க, புள்ள."

கதிரையை இழுத்து அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் தாளை எடுத்தேன்.