அவசரமில்லை என்று எழுதிய சீட்டு

அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புக்காரரிடம் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்போம். அந்த வியாதிதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் கல்லூரி சின்னது. ஹானர்ஸ் என்கிற சிறப்புப் படிப்பில் வருஷத்துக்குப் பன்னிரண்டே பேர். சேர்ந்தால் மொத்தமும் இலவசம். இல்லையென்றால் ஜனவரியில் ஊருக்குப் போய், இறைச்சி ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வான்கோழி அறுக்க வேண்டியதுதான். மதிப்பெண் இருந்தது, நேர்காணலும் முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு கையெழுத்து. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்ட உயிரியல் பேராசிரியர் ஓஸ்ட்பி போட வேண்டியது. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

திங்களன்று விண்ணப்பத்தை அவர் கதவுக்கு அடியில் தள்ளினேன். கூடவே ஒரு சீட்டு: 'அவசரமில்லை சார், நேரம் கிடைக்கும்போது.' பாவி, அதை ஏன் எழுதித் தொலைத்தேன்!

தினமும் அவர் அறையைத் தாண்டி நடந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. புதன்கிழமை சூப் குடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற மனுஷனை எப்படிக் கூப்பிடுவது? திரும்பி வந்துவிட்டேன்.

"உள்ள போய்க் கேளேன்டி பிரிட்டா! கையெழுத்துதானே, கிட்னியா கேக்குற?" என்று கத்தினாள் அறைத்தோழி யோலண்டா. சிகாகோக்காரி.

"அவருக்கே ஞாபகம் இருக்கும். நச்சரிக்கக் கூடாது."

"நீ பொறந்ததும் அழுதிருக்க மாட்டே. டாக்டர்கிட்ட ஸாரி சொல்லியிருப்பே!"

அம்மாவுக்கு போன் போட்டேன். "படிச்ச மனுஷரைத் தொல்லை பண்ணாதே கண்ணு. அவரா செய்வாரு," என்றாள்.

வெள்ளி மதியம் கதவு பூட்டியிருந்தது. ஓஸ்ட்பி மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருந்தார். அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது.

திங்கள் காலை, கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோடு என்னைத் தேடி ஓடிவந்தார். "ஐயோ, அவசரமில்லைன்னு எழுதியிருந்தியேம்மா!"

"உங்க தப்பில்ல சார்," என்று அவரைத் தேற்றினேன்.

ஹானர்ஸ் பொறுப்பாளர் திருமதி டிராக்ஸ்லர் கையெழுத்தைப் பார்த்தார். "நேரம் தாண்டிருச்சு. காத்திருப்புப் பட்டியல்ல இருக்கிற அடுத்த பொண்ணுக்கு இன்னைக்குக் கடிதம் போகணும். ஆனா இன்னும் அனுப்பலை. இது உனக்கு அவ்வளவு முக்கியம்னா சொல்லு, நான் டீன்கிட்ட போய்ச் சண்டை போடுறேன்."

சொல்லடி, சொல்லடி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"பரவாயில்ல மேடம். என்னால உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அவர் அந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.

இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். பெல்ட்டில் வான்கோழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. யாராவது என்னை இடித்துவிட்டால், நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.