அறுநூற்று ஆறு

உலையில் இரும்பு உருகிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் ஊற்றிவிடுவார்கள். என் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போக மனம் வராமல் பட்டறைக் கதவோரம் நின்றிருந்தேன்.

ஊற்றப்போவது ஒரு பழைய ரயில் இன்ஜினுக்காக; இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சின்ன நீராவி இன்ஜின் அது. மூன்று வருடமாக நாங்கள் சிலர் சேர்ந்து அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறோம். சிலிண்டர் மட்டும் ஒட்டுப்போட முடியாதபடி பிளந்திருந்ததால் புதிதாக வார்க்க முடிவானது. பழையதை அளந்து படம் வரைந்தவர் என் கணவர். அந்தப் படத்தைப் பார்த்து, மணலில் பதித்து வார்ப்புக்குழி எடுப்பதற்கான மர அச்சைச் செய்தவள் நான். பழைய இரும்பு வீணாக வேண்டாமென்று சிலிண்டரை உடைத்து, காலையிலேயே உலையில் போட்டுவிட்டார்கள்.

"கடைசித் துண்டும் கரைஞ்சாச்சு தங்கச்சி," என்றார் உலை அண்ணன். பட்டறை அவருடையது. "கழட்டறதுக்குள்ள உயிர் போச்சு. எல்லாம் அங்குலக் கணக்கு. நம்ம ஸ்பேனர் ஒண்ணாவது சேரணுமே!"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

அங்குலக் கணக்கு. மூன்று வருடமாகத் தெரிந்த விஷயம்தான்.

உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் அச்சு செய்ய எங்களிடம் தனி ஸ்கேல் உண்டு. அதில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு துளி பெரிதாக இருக்கும். படத்தில் அவர் உண்மை அளவைப் போடுவார். சுருக்கத்தை என் ஸ்கேல் பார்த்துக்கொள்ளும். எப்போதும் அப்படித்தான்.

இந்த முறை படத்தில் நீளம் அறுநூற்று ஆறு மில்லி என்றிருந்தது. அறுநூறு, அதோடு நூற்றுக்கு ஒன்று. சுருக்கத்தை அவரே சேர்த்துவிட்டார் என்று நினைத்தேன். சாதாரண ஸ்கேலை எடுத்தேன். மற்ற அளவுகளைப் பார்க்கக்கூட இல்லை. அங்குலத்தை மில்லியாக மாற்றியே அந்த ஆறு வந்திருக்கலாம் என்று இப்போதுதான் உறைத்தது.

கேட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் பேசி இருபத்து மூன்று நாளாகியிருந்தது. இதே பட்டறையில் எல்லார் முன்னாலும், "இவர் கோடு போட்டா நான் ரெண்டு தடவை அளக்கணும்," என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து வீட்டில் பேச்சில்லை. படம் சாப்பாட்டு மேஜைமேல், தண்ணீர் ஜாடிக்கு அடியில் இருந்தது. அந்த அறுநூற்று ஆறை நான் சமாதானமாக எடுத்துக்கொண்டேன். எனக்காக ஒரு வேலையைக் குறைத்திருக்கிறார், வாயால் சொல்லத்தான் வரவில்லை என்று. அச்சு செய்த நாள் முழுக்க அந்த நினைப்பு இனித்தது.

இப்போது அளந்து பார்க்கப் பழைய சிலிண்டர் இல்லை. கேட்க ஓர் ஆள்தான் உண்டு. அவர் சேர்த்துத்தான் போட்டிருந்தால், நான் மறுபடியும் அவரைச் சந்தேகப்பட்டவள் ஆவேன்.

உலை அண்ணன் கையுறை மாட்டினார். நான் போனை எடுத்தேன். ஏழு தடவை மணி அடித்த பிறகுதான் என் கணவர் எடுத்தார்.

"சொல்லு."

"அந்த அறுநூத்தாறு... சுருக்கம் சேர்த்தா, சேர்க்காமலா?"

மறுமுனையில், இன்ஜின் கொட்டகையில், யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன், ரெண்டாவது தடவை அளக்கறியா?"

"முதல் தடவையே சரியா அளக்கலை."

"சேர்க்கலை. இருபத்து மூணே முக்காலே அரைக்கால் அங்குலம் அது, மில்லியில மாத்தினா அறுநூத்தாறு. நான் என்னிக்குச் சேர்த்திருக்கேன்? அது உன் ஸ்கேலோட வேலையாச்சே." அவர் குரல் மாறியது. "ஊத்திட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நிறுத்து."

"எப்படிங்க நிறுத்தறது?"

"வாயாலதான். நல்லா வருமே உனக்கு."

போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டுக் கத்தினேன். "அண்ணே, ஊத்தாதீங்க! அச்சு சின்னதா போயிருக்கு. ஆறினா ஆறு மில்லி குறையும், எங்கேயும் பொருந்தாது!"

"விளையாடறியா? இரும்பு என்ன குழாய்த் தண்ணியா, மூடி வைக்க?" உலை அண்ணனின் முகம் உலையைவிடச் சிவந்திருந்தது. பிறகு சட்டென்று சொன்னார்: "உன் வீட்டுக்காரர் போட்ட கோடுதானே? நீதான் அன்னிக்கே சொன்னியே."

தலையை ஆட்டினால் போதும். இந்தப் பட்டறையில் ஒருவர்கூட மறு கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்கு வழி செய்து வைத்தவளே நான்தான்.

"கோடு சரியாத்தான் இருக்குண்ணே. தப்பான ஸ்கேலை எடுத்தது நான்."

அவர் உலைப் பக்கம் திரும்பினார். பிறகு தரையில் மணலைக் குழிக்கச் சொல்லி ஆட்களை விரட்டினார். இரும்பு அந்தக் குழிகளில் வெறும் கட்டிகளாக இறங்கியது. அடுத்து உலை மூட்டுவது இரண்டு மாதம் கழித்துத்தான் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

கையிலிருந்த போனில் நிமிடங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்." எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அச்சைத் திருத்த முடியுமா?"

"முடியாது. முதல்லேருந்து செய்யணும்."

"எல்லா அளவும்?"

"எல்லா அளவும்."

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. அவர் கோபமாக இருக்கிறாரா என்று மூச்சிலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சாயங்காலம் நான் ஒவ்வொண்ணா வாசிக்கறேன்," என்றார். "நீ திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் கோடு போடு."