முன்னறையைக் கழுவும் வேலை

எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துத்தான் தம்பியைக் குத்திக் கொன்றான் பக்கத்துத் தெருக்காரன். வண்டி நிறுத்துகிற தகராறு. அன்றைக்கே பிடிபட்டுவிட்டான். மயங்கி விழுந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்தாம் நாள் போலீஸ்காரர் சாவியைக் கொடுத்தார்.

"எங்க வேல முடிஞ்சுது. இனி நீங்க புழங்கலாம்."

"தரைய யாருங்க கழுவுறது?"

எங்கள் வீட்டுச் சட்டி கழுவ அவரைக் கூப்பிட்டதுபோல முறைத்தார்.

மாலை நாலு மணிக்கு அம்மா வருகிறாள். அதற்குள் அந்தத் தரையில் ஒன்றும் தெரியக் கூடாது. வேறு கவலை எனக்கில்லை.

ஆறுதலுக்கு ஒரு குறையும் கிடையாது. "எதுன்னாலும் ஒரு போன் போடுறா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனவர்கள் முப்பது பேராவது தேறுவார்கள். போட்டேன். மாமாவுக்கு முட்டி வலி. சித்தப்பாவுக்கு ரத்தம் என்றாலே தலை சுற்றுமாம். எனக்கென்னவோ ரத்தம் கழுவுவது பிறவிப் பழக்கம் போல. எங்கள் மூட்டை தூக்குவோர் சங்கச் செயலாளர், ஏற்கெனவே இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தாகிவிட்டது என்றார். துக்கத்தைக் கடப்பது எப்படி என்று ஆஸ்பத்திரியில் ஓர் அச்சடித்த அட்டை கொடுத்திருந்தார்கள். நல்ல கெட்டி அட்டை. காய்ந்ததைச் சுரண்ட உதவியது.

இரண்டு வாளி வெந்நீர் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டிக் கலக்கினேன். ஊற்றப்போகும்போது வாசலில் கறிக்கடைக்காரர். துக்கம் கேட்கக்கூட வராத மனுசன்.

"அட மடையா, வெந்நியா ஊத்தப்போற? வேகவெச்சு தரையோட ஒட்டப் பாக்குறியா? கீழ வைடா!"

"இப்பதான் வழி தெரிஞ்சுதாண்ணே?"

"கத்தி புடிக்கிறவன் இந்த வீட்டுப் படி ஏறினா பாக்குறவன் என்ன சொல்வான்? அதான் வரல. உன் மாமா எலும்பு வாங்க வந்தாரு. நீ ஒண்டியா தேய்க்கிறேன்னு அவருதான் சொன்னாரு."

அந்த முட்டி வலியோடு மாமா கறிக்கடை வரைக்கும் நடந்திருக்கிறார். பாவம்.

பச்சைத் தண்ணீர், கல்லுப்பு, கம்பி பிரஷ். கறிக்கடைக்காரர் மண்டிபோட்டுத் தேய்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. "அழுத்துடா! மூட்ட தூக்குற கையா இது, பூ கட்டுற கையா?" ஐந்து நாளாக என்னைத் திட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கே அம்மா வந்து நின்றாள். கதவோரம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் போகவில்லை. எழுந்து அதன்மேல் நின்றுகொண்டேன்.

"தள்ளுடா. நீ தனியா இதுல கெடப்பேன்னுதான் நர்ஸோட சண்ட போட்டு சீக்கிரமா வந்தேன்."

கறிக்கடைக்காரர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார்.

"உப்பு போட்டீங்களாண்ணே?" என்றாள் அம்மா.

"போட்டேன்மா."

"இன்னொரு கை போடுங்க."

முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நகர்ந்தேன். அந்த உள்ளங்கை அகலத்தை அவளே தேய்த்தாள். நாங்கள் தண்ணீர் ஊற்றினோம்.